கன்டாக் பயிற்சி: முதல் நாய்க்குட்டியோடு தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பிரிட்டனில் அக்டோபர் 1 அன்று ஃபெசன்ட் பறவைகளுக்கான வேட்டைப் பருவம் தொடங்கி, பிப்ரவரி 1 வரை நீடிக்கிறது. அந்த நான்கு மாதங்களில் புதருக்குள் புகுந்து பறவையைக் கிளப்பவும், சுடப்பட்டு விழுந்த பறவையை முள்ளிலும் நீரிலும் தேடி எடுத்துவரவும் உழைக்கும் நாய்களையே கன்டாக் என்று அழைக்கிறார்கள். லாப்ரடார், கோல்டன் ரிட்ரீவர், காக்கர் ஸ்பானியல் என்று நம் வீடுகளில் செல்லமாக வளரும் பல இனங்கள் இந்த வேலைக்காகவே உருவாக்கப்பட்டவை. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம் வேட்டை நாய்களைப் பார்த்துப் பழகியவர்கள் இவற்றின் வேலை அடிப்படையிலேயே வேறானது என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். நம் நாய்கள் இரையைக் கண்டதும் துரத்திப் பிடிப்பவை. நல்ல கன்டாக்கோ, கண்ணெதிரே பறவை விழுவதைப் பார்த்த பிறகும் அசையாமல் அமர்ந்திருந்து, அனுப்பினால் மட்டுமே சென்று, பல்தடம் படாமல் எடுத்துவந்து கையில் கொடுக்கும்.

இந்த அசையாமைதான் பயிற்சியின் உயிர்நாடி என்பது என் உறுதியான கருத்து. ஓடவும் தேடவும் கவ்வவும் அதற்குப் பிறவியிலேயே தெரியும். நாம் கற்றுக்கொடுக்க வேண்டியது காத்திருப்பதை. தொடக்கநிலையினர் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். குட்டி வந்த முதல் வாரத்திலேயே பந்தை எறியத் தொடங்கி, நாள்தோறும் நாற்பது முறை எறிந்து, ஓராண்டு கழித்து நாய் எதற்கும் நிற்பதில்லை என்று வருந்துகிறார்கள்.

இதற்குத் துப்பாக்கி வைத்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. பிரிட்டனில் கன்டாக் பயிற்சி தருபவர்களில் பலர் வாழ்நாளில் ஒரு குண்டுகூடச் சுடாதவர்கள். பறவைகளைக் கிளப்பிவிடும் அணியிலோ, விழுந்தவற்றைச் சேகரிக்கும் அணியிலோ தம் நாயோடு பங்கெடுப்பவர்கள், அல்லது டம்மி எனப்படும் துணிப் பொதியை வைத்து மட்டுமே பயிற்சி செய்து மகிழ்பவர்கள். இந்தியாவில் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்வதால், இக்கட்டுரையில் பறவைகளைப் பற்றி வரும் பகுதிகள் பிரிட்டனில் வாழ்பவர்களுக்கு மட்டுமே பொருந்தும். டம்மியைக் கொண்டு செய்யும் பயிற்சி முழுவதையும் கோவையில் லாப்ரடார் வளர்ப்பவரும் அப்படியே பின்பற்றலாம். நாய்க்கும் அது பெரிய நிறைவைத் தரும்.

எந்த நாய்?

கன்டாக் இனங்களில் நான்கு பிரிவுகள் உண்டு. ரிட்ரீவர்கள் விழுந்ததை எடுத்துவருபவை. ஸ்பிரிங்கர், காக்கர் ஆகிய ஸ்பானியல்கள் புதருக்குள் நுழைந்து பறவையைக் கிளப்புபவை. பாயிண்டரும் செட்டரும் பரந்த மேட்டுநிலத்தில் வெகுதூரம் ஓடி, பறவையின் மணம் பட்டதும் சிலையாக நின்று இடத்தைக் காட்டுபவை. ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு பாயிண்டர், ஹங்கேரியன் விஸ்லா, வைமரானர் போன்றவை இம்மூன்று வேலைகளையும் ஒருசேரச் செய்பவை. ஆனால் அவற்றைப் பழக்க அனுபவமும் விரிந்த நிலமும் வேண்டும்.

முதன்முறை தொடங்குபவருக்கு வேலைக் கொடிவழியில் வந்த லாப்ரடாரையே நான் பரிந்துரைப்பேன். கண்காட்சிக்காக வளர்க்கப்படும் கொடிவழியும் வேலைக்காக வளர்க்கப்படும் கொடிவழியும் இன்று தோற்றத்திலேயே வேறுபடும் அளவுக்குப் பிரிந்துவிட்டன. வேலை நாய் மெலிந்தும் துடிப்பாகவும் இருக்கும். ஸ்பானியலும் அருமையான நாய்தான் என்றாலும் அதன் வேகம் புதியவரின் கைகளைவிட எப்போதும் ஒரு படி முன்னால் இருக்கும். வம்சப் பட்டியலில் எஃப்.டி.சி.ஹெச் என்ற எழுத்துகள் காணப்பட்டால், அந்த மூதாதை ஃபீல்டு டிரையல் எனப்படும் களப் போட்டிகளில் சாம்பியன் பட்டம் வென்றது என்று பொருள். பட்டியல் முழுவதும் அந்த எழுத்துகள் நிறைந்திருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். போட்டிக்காகவே கூர்தீட்டப்பட்ட குருதி, பழகாத கைகளில் அடங்காமல் போகலாம். பெற்றோர் இரண்டும் ஆண்டுதோறும் வேட்டைக் களத்தில் அமைதியாக வேலை செய்பவை என்பதை நேரில் பார்த்து வாங்குவதே நல்லது.

இடுப்பு, முழங்கை மூட்டுகளுக்கான எக்ஸ்ரே மதிப்பெண்களைக் கேட்டு வாங்குங்கள். இரு இடுப்புகளுக்கும் சேர்த்து 0 முதல் 106 வரையும், முழங்கைக்கு 0 முதல் 3 வரையும் தரப்படும். எண் குறையக் குறைய மூட்டு நலமாக இருக்கிறது என்று கொள்ளலாம். கண் பரிசோதனைச் சான்றும் மரபணுச் சோதனை முடிவுகளும் இருக்க வேண்டும். இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள லூசி சட்டத்தின்படி, வணிக நோக்கில் குட்டிகளை விற்பவர் தாமே வளர்த்தவற்றை மட்டுமே விற்கலாம். இடைத்தரகர் விற்க முடியாது. தாயோடு குட்டியைக் காட்டத் தயங்குபவரிடமிருந்து எந்தக் காரணம் கொண்டும் வாங்காதீர்கள்.

வாங்க வேண்டிய பொருள்கள்

பட்டியல் மிகச் சிறியது. ஒரு ஸ்லிப் லீட், ஒரு விசில், கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவான குட்டி டம்மி இரண்டு, அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான வழக்கமான டம்மி மூன்று. இவ்வளவு போதும்; முதலாண்டில் மற்ற எதுவும் அவசரமில்லை.

ஸ்லிப் லீட் என்பது கழுத்துப்பட்டையும் கயிறும் ஒன்றேயான, வளையத்தின் வழியே சுருக்காக ஓடும் கயிறு. அதை மாட்டும் விதத்தில்தான் பலர் தவறுகிறார்கள். நாய் நம் இடப்பக்கம் நிற்கும்போது, வளையத்தின் வழியே வரும் கயிறு கழுத்தின் மேற்புறமாக நம் கைக்கு வர வேண்டும். அப்போதுதான் இழுத்த கணத்தில் இறுகி, விட்ட கணத்தில் தன் எடையாலேயே தளரும். கழுத்தின் அடிப்புறமாக வந்தால் இறுகியது இறுகியபடியே நிற்கும். தளர்வு என்ற வெகுமதி நாய்க்குக் கிடைக்காது. தளர்வே கிடைக்காத நாய் ஒட்டி நடக்கக் கற்றுக்கொள்வதில்லை.

விசிலில் பர்மிங்காமில் தயாராகும் ஆக்மி நிறுவனத்தின் 210½, 211½ ஆகிய எண்கள் கன்டாக் உலகில் பரவலாகப் புழங்குபவை. பொதுவாக முன்னதை ஸ்பானியல்காரர்களும் பின்னதை ரிட்ரீவர்காரர்களும் வைத்திருப்பார்கள். எண்ணுக்கு ஏற்ற சுருதி மாறாமல் இருப்பதால், ஒன்று தொலைந்தாலும் அதே எண்ணில் வாங்கினால் நாய்க்கு வேறுபாடு தெரியாது. மின்னதிர்வுக் கழுத்துப்பட்டையை யார் பரிந்துரைத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வேல்ஸில் 2010 முதல் அதற்குச் சட்டப்படி தடை உள்ளது. சட்டம் ஒருபுறம் இருக்க, அடிப்படை தெரியாத கையில் அந்தக் கருவி நல்ல நாயை அச்சம் நிறைந்த நாயாக மாற்றிவிடும்.

எட்டு வாரம் முதல் ஆறு மாதம் வரை

இந்தக் காலத்தில் முறையான பயிற்சி என்று எதுவும் வேண்டாம். குட்டி உங்களை நம்ப வேண்டும், உங்களிடம் ஓடிவருவதே உலகில் இனிய செயல் என்று அதற்குத் தோன்ற வேண்டும். சோற்றுத் தட்டைத் தரையில் வைக்கும் ஒவ்வொரு முறையும் விசிலில் பிப்-பிப்-பிப் என்று குறுகிய ஒலிகளை எழுப்புங்கள். சில வாரங்களில் அந்த ஒலி கேட்டதும் தோட்டத்தின் மறுகோடியிலிருந்து காதுகள் பறக்க ஓடிவரும். திரும்பி வரச் சொல்லும் விசிலுக்கான அடித்தளம் இதுவே.

குட்டி செருப்பையோ துணியையோ கவ்விக்கொண்டு வரும்போது திட்டாதீர்கள், பிடுங்காதீர்கள். கீழே குனிந்து, கழுத்தையும் மார்பையும் தடவிக் கொடுத்து, அது பெருமையோடு வைத்திருக்க விட்டு, பிறகு மெல்ல வாங்கிக்கொள்ளுங்கள். வாயில் எதையாவது கொண்டுவந்தால் வீட்டார் கத்துகிறார்கள் என்று கற்றுக்கொண்ட குட்டி, பின்னாளில் பறவையை எடுத்துக்கொண்டு எதிர்த்திசையில் ஓடும். கயிறு இழுக்கும் விளையாட்டையும் தவிர்க்க வேண்டும். இறுகக் கவ்வும் பழக்கத்துக்கு அது தூண்டுகோலாகிவிடும். எறிந்து எடுத்துவரச் செய்வதை வாரத்துக்கு இரண்டு மூன்று முறைக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம்.

வீட்டில் எல்லோரும் ஒரே கட்டளைச் சொல்லைப் பயன்படுத்துவது மிக முக்கியம். அம்மா 'வா' என்றும், மகன் 'கம்' என்றும், தாத்தா 'இங்க வாடா' என்றும் அழைக்கும் வீட்டில் நாய் குழம்பித்தான் போகும். தமிழ்ச் சொற்களே வைத்துக்கொள்ளலாம். விசில் ஒலிகளை மட்டும் களத்து வழக்கப்படியே கற்பியுங்கள்: நீண்ட ஒற்றை ஒலி கேட்டால் இருந்த இடத்திலேயே உட்கார்ந்து முகம் பார்க்க வேண்டும், தொடர்ச்சியான குறுகிய ஒலிகள் கேட்டால் திரும்பி வர வேண்டும். ஸ்பானியலுக்கு மட்டும், தேடும்போது திசை திரும்ப இரண்டு குறுகிய ஒலிகள் கூடுதலாகத் தேவைப்படும்.

உட்கார், ஒட்டி நட, வா

ஆறேழு மாதத்தில் நாயின் மனமுதிர்ச்சியைப் பார்த்து முறையான பயிற்சியைத் தொடங்கலாம். நாளுக்குப் பத்து நிமிடம் போதுமானது. அதற்கு மேல் நீட்டினால் நாய் சலிப்படையும், நீங்கள் பொறுமையிழப்பீர்கள்.

உட்காருவதை மூன்று குறிப்புகளுக்கும் பழக்க வேண்டும்: சொல், உயர்த்திய உள்ளங்கை, நீண்ட விசில். முதலில் மூன்றையும் சேர்த்துக் காட்டி, பிறகு ஒன்றொன்றாகக் குறைத்து, இறுதியில் எந்த ஒன்றுக்கும் தனியாகவே உட்காரும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அதன் பின் அதைவிட்டு ஓரடி விலகித் திரும்புங்கள், பிறகு மூன்றடி, பிறகு பத்தடி. உட்காரவைத்த நாயைப் பெரும்பாலும் நீங்களே அதனிடம் திரும்பிச் சென்று விடுவியுங்கள். தொலைவிலிருந்து அழைக்கும் பழக்கம் வந்துவிட்டால், எந்நேரமும் அழைப்பு வரும் என்று எதிர்பார்த்துப் புட்டத்தைத் தரையில் பதிக்காமலே உட்காரும். ஐந்தில் ஒரு முறை அழைத்தால் போதும்.

ஒட்டி நடப்பது அலுப்பூட்டும் பாடம் என்பதால் பலரும் இதை விரைந்து கடந்துவிடுகிறார்கள். ஆனால் வேட்டை நாளின் பெரும்பகுதியை நாய் உங்கள் இடக்காலுக்கு அருகில் நடந்தோ அமர்ந்தோதான் கழிக்கப் போகிறது. கயிறு இறுகியதும் நின்றுவிடுங்கள் அல்லது எதிர்த்திசையில் திரும்பி நடங்கள். தளர்ந்த கணத்தில் பாராட்டுங்கள். தோட்டத்தில் சரியாக நடக்கும் நாய் தெருவில் இழுக்கும், தெருவில் சரியாக நடக்கும் நாய் வயல்வெளியில் இழுக்கும். இது அடம் அன்று. ஓரிடத்தில் கற்றது மற்றோர் இடத்துக்கும் பொருந்தும் என்பதை நாய் தானாக உணர்வதில்லை. ஒவ்வோர் இடத்திலும் அடிப்படையிலிருந்தே மீண்டும் சொல்லித்தர வேண்டும்.

திரும்பி வந்த நாயை, எவ்வளவு தாமதமாக வந்திருந்தாலும், எதற்காகவும் கண்டிக்கக் கூடாது. முயலைத் துரத்திவிட்டுப் பத்து நிமிடம் கழித்து வரும் நாய்க்கு அடி கொடுத்தால், வந்ததற்குத்தான் அடி விழுந்தது என்றே அது புரிந்துகொள்ளும்.

அசையாமல் இருத்தல்

இனி வருவதே இக்கலையின் நடுமையம். இதற்கு எத்தனை வாரங்கள் பிடித்தாலும் கொடுங்கள்.

நாயை உட்காரவைத்து, ஸ்லிப் லீட் கழுத்தில் இருக்க, டம்மியை உங்கள் முதுகுப்புறமாக மெல்ல நழுவவிடுங்கள். எறிய வேண்டாம். நாய் அமர்ந்தபடியே இருந்தால் பாராட்டிவிட்டு, நீங்களே நடந்து சென்று அதை எடுத்து வாருங்கள். இதையே திரும்பத் திரும்பச் செய்து, மெல்ல மெல்ல டம்மியைச் சற்று உயரமாகவும், தொலைவாகவும், இறுதியில் நாயின் தலைக்கு மேலாகவும் எறியும் நிலைக்கு வாருங்கள். விழும் பொருள்களெல்லாம் தனக்கே என்ற எண்ணம் அதன் தலையிலிருந்து முற்றிலும் நீங்க வேண்டும். ஆகவே எறிந்த டம்மிகளில் பாதிக்கு மேல் நீங்களே எடுத்துவருவது நல்லது. சில நாள் நாய்க்கு ஒன்றுகூடக் கொடுக்காமல் பயிற்சியை முடித்துக்கொள்ளலாம்.

இந்நேரம் உங்கள் கண் டம்மியின் மேல் இருக்கக் கூடாது, நாயின் மேல் இருக்க வேண்டும். ஓடப்போகும் நாய் அதை முன்கூட்டியே உடலால் சொல்லிவிடும். மூச்சிரைத்துக்கொண்டிருந்த வாய் சட்டென்று மூடிக்கொள்ளும். காதின் அடிப்பகுதி உயர்ந்து முன்னே வரும். எடை முன்கால்களுக்கு மாறித் தோள் சற்றுத் தாழும். புட்டம் தரையிலிருந்து ஒரு விரற்கடை எழும். அந்த விரற்கடையில் 'உட்கார்' என்று தணிந்த குரலில் சொன்னால் நாய் திரும்ப அமரும். ஓடத் தொடங்கிய பின் எத்தனை உரக்கக் கத்தினாலும் பயனில்லை. நல்ல பயிற்சியாளர்களைப் பார்த்தால் அவர்கள் கட்டளையே இடாதது போலத் தோன்றுவதற்கு இதுதான் காரணம்.

கயிறு தேவைப்படாத நிலை வந்ததும் உதவியாளர் ஒருவரை டம்மி விழும் இடத்தருகே நிறுத்துங்கள். நாய் அனுமதியின்றி ஓடினால், அது சென்று சேரும் முன் அவர் டம்மியை எடுத்துவிட வேண்டும். ஓடியதால் எதுவும் கிடைக்கவில்லை என்பதைவிடத் தெளிவான பாடம் வேறில்லை. நாயை அமைதியாகப் பழைய இடத்துக்கே அழைத்துவந்து, முன்பைவிட எளிய பயிற்சியிலிருந்து மீண்டும் தொடங்குங்கள். ஒரே ஒரு முறை ஓடிப்போய் டம்மியைக் கவ்விவிட்டால், அந்த வெற்றியை மறக்கடிக்க வாரக்கணக்கில் உழைக்க வேண்டியிருக்கும்.

எடுத்துவந்து கையில் கொடுத்தல்

இருபுறமும் வேலி அமைந்த குறுகலான பாதை தொடக்கத்துக்கு ஏற்ற இடம். டம்மியைக் கவ்விய நாய்க்கு உங்களிடம் வருவதைத் தவிர வேறு வழி இருக்காது. பத்துப் பதினைந்து அடி தூரத்தில் எறிந்து, ஐந்தாறு நொடி காத்திருந்து, நாயின் பெயரைச் சொல்லி அனுப்புங்கள். பெயரே அனுப்பும் கட்டளையாக இருப்பது களத்தில் வசதி. ஏனெனில் அங்கே பல நாய்கள் ஒரே வரிசையில் அமர்ந்திருக்கும், அழைக்கப்பட்ட நாய் மட்டுமே செல்ல வேண்டும்.

நாய் டம்மியைக் கவ்வியதும் அதை நோக்கி ஓடாதீர்கள். எதிராகப் பின்னோக்கி நடந்து விலகுங்கள், அது விரைந்து வரும். அருகில் வந்ததும் குத்திட்டு அமர்ந்து, கண்ணை உற்றுப் பார்க்காமல், டம்மியை நோக்கிக் கையை நீட்டாமல், கழுத்தோரத்தைத் தடவிக் கொடுங்கள். சிறிது நேரம் வாயிலேயே இருக்கட்டும். பிறகு ஒரு கையைத் தாடைக்குக் கீழே தாங்கலாக வைத்து, மறுகையால் டம்மியைப் பற்றி, 'கொடு' என்று சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். தாடைக்குக் கீழுள்ள அந்தக் கை தலையை நிமிர்த்தி வைப்பதால், டம்மி தரையில் விழாது. உயிருள்ள பறவையைத் தரையில் போட்டால் அது ஓடிவிடும் என்பதாலேயே கையில் கொடுப்பதற்கு இவ்வளவு முக்கியத்துவம்.

பத்து முறை நன்றாக எடுத்துவந்த நாயைப் பதினோராவது முறை அனுப்பும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். மூன்று நான்கோடு நிறுத்தினால் மறுநாள் அது ஆவலோடு வரும்.

இவை உறுதியான பின் நினைவிலிருந்து எடுப்பதைப் பழக்கலாம். நாய் பார்க்க டம்மியைப் போட்டுவிட்டு, அதை ஒட்டி நடத்தி ஐம்பது அடி விலகிவந்து, திரும்பி அனுப்ப வேண்டும். தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போனால், கை காட்டிய திசையில் நம்பிக்கையோடு நேர்க்கோட்டில் ஓடப் பழகிவிடும். இடம், வலம், பின் என்ற மூன்று கைச்சைகைகளுக்கு நாயை நடுவில் உட்காரவைத்து, மூன்று பக்கமும் டம்மி வைத்து, ஒவ்வொன்றாக அனுப்புவார்கள். நீண்ட விசிலுக்கு உடனே நின்று முகம் பார்க்கும் நாய்க்கு மட்டுமே சைகை பயன்படும். நிற்காத நாய்க்கு யார் கை காட்டுவது?

தேடுதலும் காற்றும்

மூக்கு வேலை செய்ய வேண்டுமானால் காற்றைப் படிக்க வேண்டும். சில புற்களைப் பிய்த்து விட்டாலே திசை தெரிந்துவிடும். காற்று டம்மியிலிருந்து நாயை நோக்கி வீசும்படி நின்று தொடங்கினால், நாய் எளிதில் மணம் பிடித்துத் தன் மூக்கை நம்பக் கற்றுக்கொள்ளும். ஸ்பானியல் எதிர்க்காற்றில், கையாளுபவருக்கு முன்னால் இடமும் வலமுமாக ஒழுங்காக வளைந்து, துப்பாக்கி எட்டும் தூரத்தைத் தாண்டாமல் தேட வேண்டும். ஏறத்தாழ இருபது மீட்டருக்கு மேல் விலகவிடாதீர்கள். தொடக்கத்தில் நீங்களே வளைந்து வளைந்து நடந்தால் அது உங்களைப் பின்பற்றும். புல்லில் டென்னிஸ் பந்துகளை அது பார்க்காதபோது போட்டுவைத்து, அருகில் இருப்பதே கிடைக்கும் என்ற எண்ணத்தை வளர்க்கலாம்.

வெடிச்சத்தம்

துப்பாக்கிச் சத்தத்துக்கு அஞ்சும் நாய் பெரும்பாலும் பிறப்பதில்லை. அவசரப்பட்ட மனிதரால் உருவாக்கப்படுகிறது. வானில் எறியப்படும் களிமண் தட்டுகளைத் துப்பாக்கியால் சுட்டுப் பழகும் மைதானத்துக்குக் குட்டியை நேரே அழைத்துச் சென்று பழக்கிவிடலாம் என்ற அறிவுரையைக் கேட்காதீர்கள். உதவியாளரை இருநூறு மீட்டர் தொலைவில் நிறுத்தி, சத்தம் மட்டும் எழுப்பும் வெற்றுத் தோட்டாக் கைத்துப்பாக்கியால் ஒரே ஒரு முறை, நாய் தனக்குப் பிடித்த எதிலாவது மும்முரமாக இருக்கும்போது சுடச் சொல்லுங்கள். நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தால் நல்லது. வாலை ஒடுக்கினாலோ, உங்கள் காலுக்குப் பின்னே ஒதுங்கினாலோ, தூரத்தை இரட்டிப்பாக்கிச் சில நாள் கழித்து மீண்டும் முயலுங்கள். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு சத்தம், வாரங்கள் செல்லச் செல்ல நெருக்கமாக. நாய் சத்தத்தைக் கேட்டதும் ஏதோ விழப்போகிறது என்று வானத்தைப் பார்க்கத் தொடங்கினால் இந்தப் பாடம் முடிந்தது.

பறவைக்கு மாறுதல்

டம்மியைத் தயக்கமின்றிக் கையில் கொடுக்கும் நாய்க்கு மட்டுமே உயிரற்ற குளிர்ந்த பறவையைக் கொடுக்கலாம். முதலில் டம்மியின் மேல் சிறகுகளைக் கட்டிப் பழக்கி, பிறகு இரத்தமோ கிழிசலோ இல்லாத முழுப் பறவையைக் கொடுங்கள். சிறகு வாயில் ஒட்டுவதால் சில நாய்கள் துப்பிவிடும். வற்புறுத்தாமல் சில நாள் விட்டுப் பிடிக்கலாம்.

நாய் கொண்டுவந்த பறவையை உள்ளங்கையில் வைத்து, விலாவின் இருபுறமும் விரல்களால் மெல்ல அழுத்திப் பாருங்கள். கூடு போலத் திரண்டு உறுதியாக இருந்தால் நல்ல வாய். ஒரு பக்கம் மட்டும் நொறுங்கியிருந்தால் அது விழுந்ததாலோ குண்டுபட்டதாலோ இருக்கலாம். பறவை தவறாமல் இருபக்கமும் நொறுங்கி வந்தால் நாய் இறுகக் கடிக்கிறது. அது திருத்த அரிதான குறை, உடனே அனுபவமுள்ள பயிற்சியாளரிடம் காட்ட வேண்டும்.

இடமும் சட்டமும்

நிலவுரிமையாளரின் அனுமதியின்றி எங்கும் பயிற்சி செய்யாதீர்கள். இங்கிலாந்தின் திறந்த அணுகல் நிலங்களில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயை இரண்டு மீட்டருக்கு மிகாத கயிற்றில்தான் கொண்டுசெல்ல வேண்டும். தரையில் கூடு கட்டும் பறவைகளுக்கான ஏற்பாடு இது. ஆடுமாடுகளுக்கு அருகில் ஆண்டு முழுவதும் இதே விதிதான். செம்மறியைத் துரத்தும் நாயின் உரிமையாளர் 1953 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்க் குற்றவாளியாவார். ஆகவே ஆட்டைக் கண்டால் கண்ணைத் திருப்பிக்கொள்ளும்படி குட்டிப் பருவத்திலிருந்தே, கயிற்றில் வைத்துப் பழக்குங்கள். கோடையில் ஏரிகளில் மிதக்கும் நீலப்பச்சைப் பாசி நாயைக் கொல்லும் நஞ்சு. நீரின் நிறம் ஐயம் தந்தால் இறக்க வேண்டாம். ஜூலை, ஆகஸ்டில் பயிற்சி முடிந்ததும் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் புல்விதை தைத்திருக்கிறதா, உடலில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

வகுப்பு, போட்டி, முதல் களம்

தனியே பயின்ற நாய் மற்ற நாய்களைக் கண்டதும் எல்லாவற்றையும் மறந்துவிடும் என்பதால், குழு வகுப்பு ஒன்றில் சேர்வது அவசியம். சேரும் முன் ஒரு வகுப்பை நாயில்லாமல் சென்று பாருங்கள். பயிற்றுநரின் சொந்த நாய்கள் அவரிடம் மகிழ்ச்சியாக வருகின்றனவா, உடலைக் குறுக்கிக்கொண்டு வருகின்றனவா என்பதே போதிய சான்று.

1873 இல் தொடங்கப்பட்ட கென்னல் கிளப்பின் விதிகளின்கீழ் இருவகைப் போட்டிகள் நடக்கின்றன. டம்மியை வைத்து நடக்கும் வொர்க்கிங் டெஸ்ட் பெரும்பாலும் வசந்தத்திலும் கோடையிலும் நடைபெறும். புதியவர்களுக்கான பிரிவும் உண்டு. உண்மையான பறவைகளோடு வேட்டைப் பருவத்தில் நடப்பது ஃபீல்டு டிரையல். அதன் முதல் போட்டி 1865 இல் பெட்ஃபோர்டுஷையரின் சவுத்ஹில்லில் பாயிண்டர்களுக்கும் செட்டர்களுக்கும் நடந்தது. இரண்டையும் முதலில் பார்வையாளராகச் சென்று காணுங்கள். நடுவர் எந்த நாயை வெளியேற்றுகிறார், ஏன் என்பதைக் கவனித்தால், அனுமதியின்றி ஓடுவதும் முனகுவதும் எவ்வளவு கடுமையாகப் பார்க்கப்படுகின்றன என்பது விளங்கும்.

வேட்டைக் களத்துக்கு நாயை ஒன்றரை வயதுக்கு முன் கொண்டுசெல்ல வேண்டாம். அழைப்பு கிடைத்ததும், வேட்டைப் பறவைகளைப் பராமரிக்கும் காவலரிடம் (கேம்கீப்பர்) இது நாயின் முதல் நாள் என்று வெளிப்படையாகச் சொல்லி, துப்பாக்கி வரிசைக்கு வெகு பின்னால் நிற்க அனுமதி கேளுங்கள். பறவைகள் விழுந்துகொண்டிருக்கும் நேரம் முழுவதும் நாய் கயிற்றிலேயே அமர்ந்து பார்க்கட்டும். எல்லாம் ஓய்ந்து, மற்ற நாய்கள் விலகிய பிறகு, வெட்டவெளியில் உயிரற்றுக் கிடக்கும் ஒரே ஒரு பறவைக்கு அனுப்புங்கள். காயம்பட்டு ஓடும் பறவைக்கு முதல் பருவத்தின் தொடக்கத்தில் அனுப்பவே கூடாது; துரத்திப் பிடிக்கும் இன்பத்தை அது ஒருமுறை அறிந்துவிட்டால் இத்தனை மாத உழைப்பும் தளர்ந்துவிடும். அன்று இரண்டு பறவைகள் நல்லபடியாகக் கைக்கு வந்திருந்தால், நண்பகல் இடைவேளையில் காவலருக்கு நன்றி சொல்லிவிட்டு நாயோடு வீட்டுக்குக் கிளம்பிவிடுங்கள். பிற்பகலுக்கும் இருக்கச் சொல்லி மற்றவர்கள் வற்புறுத்தினாலும் இணங்க வேண்டாம்.